மதிலுக்குள் வராத செய்தி

(வாசகர் கேள்வி - பதில்)

மினாஸ் திரித் முற்றுகையைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில் வரும் மினாஸ் திரித், மலையை ஒட்டி ஏழு சுற்று மதிலோடு எழுந்து நிற்கும் நகரம். அப்படிப்பட்ட கோட்டை மூன்றே நாளில் தன் வாசலைப் பறிகொடுக்கிறது. இது நம்பும்படியாக இருக்கிறதா?

பதில்: கணக்கு சரிதான். மார்ச் 13 அன்று நகரத்துக்கு வெளியே இருக்கும் பெலென்னோர் வயல்வெளி பறிபோகிறது, 14 அன்று நகரம் சூழப்படுகிறது, 15 விடியும் முன்பே பெருவாசல் நொறுங்குகிறது. நிஜ வரலாற்றில், ஒட்டோமான் துருக்கியர் வளைத்த வியன்னா 1683-ல் ஏறக்குறைய இரண்டு மாதம் தாக்குப்பிடித்தது. ஆனாலும் நாவலாசிரியர் டோல்கியன் எழுதியதை நான் நம்புகிறேன்.

எதிரி அங்கே மதில்மேல் கையே வைக்கவில்லை. கீழ்மதிலின் கருங்கல்லை நெருப்பும் இரும்பும் ஒன்றும் செய்யாது என்று அவனுக்குத் தெரியும். அவன் குறி வாசல். அதற்காகத்தான் நூறு அடி நீளத்தில், ஓநாய்த் தலையோடு, குரோண்ட் என்ற இடிமரத்தை உருட்டிக்கொண்டு வருகிறார்கள். அது வந்து சேரும் முன்பே கவண்பொறிகள் வேலையைத் தொடங்கிவிட்டன. நெருப்புக் குண்டுகளுக்கு அப்புறம் உள்ளே வந்து விழுந்தவை, வெளியே மடிந்த வீரர்களின் தலைகள். ஓடிப்போய்ப் பார்க்கிறவனுக்கு அது தெரிந்த முகமாக இருக்கிறது. இந்த இடத்தை ஒரே மூச்சில் என்னால் இதுவரை கடக்க முடிந்ததில்லை.

என்னைக் கேட்டால், அந்த நகரத்தை வீழ்ச்சியின் விளிம்புக்குக் கொண்டுபோனது இடிமரம் மட்டுமில்லை, ஒரு செய்தி வந்து சேராததும்தான். நகரத்தை ஆளும் தெனெதோர், ரோஹான் நாட்டுக்கு ஹிர்கோன் என்ற தூதனிடம் சிவப்பு அம்பு கொடுத்து அனுப்புகிறார். உதவிக்கு வா என்பதற்கு அதுதான் அடையாளம். அரசர் தெயோடென் வருகிறேன் என்கிறார். அந்தப் பதிலைச் சுமந்துகொண்டு ஹிர்கோன் திரும்புகிறான். வழியிலேயே கொல்லப்படுகிறான். பின்னால் வரும் ரோஹான் ஒற்றர்கள் தலையில்லாத ஓர் உடலைப் பார்க்கிறார்கள், கையில் இன்னும் அந்தச் சிவப்பு அம்பு. தெயோடெனுக்கு உடனே புரிந்துவிடுகிறது: நாம் வருவது நகரத்துக்குத் தெரியாது.

ஆறாயிரம் குதிரைவீரர்கள் பக்கத்துக் காட்டுக்குள் வந்துவிட்டார்கள். மதில்மேல் நிற்கிறவர்களில் ஒருவருக்கும் அது தெரியாது. தெனெதோரிடம் தொலைவைக் காட்டும் கல் ஒன்று இருக்கிறது. ஆற்றில் ஏறிவரும் எதிரியின் கறுப்புக் கப்பல்களை அதில் பார்க்கிறார். கப்பல் தெரிகிறது, அதில் இருப்பது யார் என்று தெரியவில்லை. எல்லாம் முடிந்தது என்று எண்ணித் தனக்குத் தானே சிதை அடுக்கச் சொல்கிறார். மீட்க வந்த அரகோர்ன், அந்த நாட்டு அரியணைக்கு உரியவன், அந்தக் கப்பலில்தான் இருக்கிறான்!

இந்த அத்தியாயங்களை நான் முதலில் படித்தது பத்தொன்பது வயதில், ஒரு மருத்துவமனை நடைபாதையில். உள்ளே அப்பாவுக்கு அறுவை சிகிச்சை. இரண்டு மணி நேரம் என்றார்கள், ஐந்து மணி நேரம் ஆயிற்று, கதவைத் திறந்து யாரும் எதுவும் சொல்லவில்லை. உள்ளே எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்துகொண்டிருந்தது என்று பிறகு தெரிந்தது. அந்த ஐந்து மணி நேரமும் நான் தெனெதோராகத்தான் உட்கார்ந்திருந்தேன். அவரைக் கோழை என்று யாராவது சொன்னால் இன்றும் எனக்கு மனம் ஒப்பாது.

கேள்வி: குதிரைப்படை பாய்ந்து முற்றுகையை உடைப்பதெல்லாம் கதையில்தானே நடக்கும்?

பதில்: நிஜத்திலும் நடந்திருக்கிறது. 1683 செப்டம்பர் 12 அன்று போலந்து அரசர் யான் சோபியெஸ்கி, வியன்னாவுக்கு மேலேயிருக்கும் குன்றுகளிலிருந்து குதிரைப்படையை இறக்கினார். ஆனால் அது நடந்தது சாயங்காலம். விடியற்காலையிலிருந்து காலாட்படை மேடுபள்ளமான நிலத்தில் அடி அடியாகச் சண்டையிட்டு வழியைத் திறந்த பிறகுதான் குதிரைகளுக்கு ஓட இடம் கிடைத்தது.

பெலென்னோரிலும் பாய்ச்சல் மட்டும் போதவில்லை. தெயோடென் விழுகிறார். எதிரிப் படையை நடத்தும் நாஸ்கூல் என்ற பேய்வீரர்களின் தலைவனை, ரோஹான் படையோடு வந்த எயோவினும் மெர்ரியும் சேர்ந்து வீழ்த்துகிறார்கள். போர்யானைகளை நெருங்க மாட்டாமல் குதிரைகள் மிரண்டு விலகுகின்றன. புது அரசன் எயோமெர், செத்தாலும் நின்று சாவோம் என்று முடிவெடுத்துவிட்டான். அந்த நேரத்தில் கறுப்புக் கப்பலில் ஒரு கொடி விரிகிறது: வெள்ளை மரம், ஏழு நட்சத்திரம், முடி. போர் திரும்பியது அந்தக் கொடியில்தான் என்பேன். கப்பலில் வந்த வீரர்கள் கரையிறங்கி வாளை உருவும் முன்பே இரண்டு பக்கத்துக்கும் செய்தி போய்விட்டது.

கேள்வி: முற்றுகைப் போருக்குத் தமிழில் தனிச்சொல் உண்டா?

பதில்: உண்டு, அதுவும் பூவின் பெயரில். கோட்டையை வளைப்பவர் சூடுவது உழிஞை, காப்பவர் சூடுவது நொச்சி. தொல்காப்பியம் இரண்டையும் உழிஞைத் திணைக்குள்ளேயே வைக்கிறது. புறப்பொருள் வெண்பாமாலை நொச்சியைத் தனித் திணையாகப் பிரிக்கிறது. உள்ளே இருப்பவனுக்கென்று தனி இடம் கொடுத்த அந்தப் பிரிப்பு எனக்குப் பிடிக்கும்.

கேள்வி: நான் ஒரு மிகைப்புனைவு நாவல் எழுதுகிறேன். என் நகரத்தின் முற்றுகை நாற்பது பக்கம் ஓடுகிறது. இறுதிப்போர் நன்றாக வந்திருக்கிறது, அதற்கு முந்தைய பக்கங்கள் சலிப்பாக இருக்கின்றன என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: கிணறு எங்கே, தானியம் எத்தனை நாளுக்கு, சாவி யாரிடம் என்று நீங்கள் எழுதிவைத்திருப்பீர்கள். அது இருக்கட்டும். வெளியே போய்ச் செய்தி கொண்டுவர உங்கள் நகரத்தில் யார் இருக்கிறார்கள்? வியன்னாவில் குல்சிட்ஸ்கி என்பவர் துருக்கிய உடையில் எதிரி முகாமுக்குள்ளேயே நடந்து வெளியேறினார். படை வருகிறது என்ற சொல்லோடு சில நாளில் திரும்பினார். நகரம் தாங்கி நின்றதற்கு அந்தச் சொல்லும் ஒரு காரணம்.

நல்ல செய்திதான் வர வேண்டும் என்றும் இல்லை. 1453-ல் கான்ஸ்டாண்டிநோபிளை ஒட்டோமான் படை வளைத்திருந்தது. வெனிஸ் கப்பற்படை உதவிக்கு வரும் என்று நகரமே காத்திருந்தது. மே 3 அன்று பன்னிரண்டு பேர் துருக்கிய உடை போட்டுக்கொண்டு, சிறு கப்பலில் துருக்கியக் கொடியேற்றி, அந்தப் படையைத் தேடிப் போனார்கள். ஏஜியன் கடலில் நாள்கணக்கில் அலைந்தும் ஒரு கப்பலும் கண்ணில் படவில்லை. இனி என்ன செய்வது என்று பேசினார்கள். நகரம் எப்படியும் விழப்போகிறது, திரும்ப வேண்டாம் என்றார் ஒருவர். மற்றவர்கள், வாழ்வோ சாவோ, பேரரசரிடம் போய்ச் சொல்வது நம் கடமை என்றார்கள்.

மே 23 அன்று எதிரிக் கப்பல்களுக்கு நடுவே புகுந்து திரும்பி வந்தார்கள். யாரும் வரவில்லை என்று சொன்னார்கள். பேரரசர் பதினோராம் கான்ஸ்டன்டைன் அவர்களுக்கு நன்றி சொன்னார். ஆறு நாளில், மே 29 அன்று, நகரம் விழுந்தது.

உங்கள் நாற்பது பக்கத்தில் அந்தப் படகுப் பேச்சுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கிப் பாருங்கள். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.