மரம் தறித்த பிறகு: வளவுக் கேள்வி-பதில்

கச்சான் காற்று ஓய்ந்து மாரி தொடங்குவதற்கு முன்னான இந்த நாட்களில் எனக்கு வரும் கேள்விகளில் பாதி, மரம் தறிப்பதைப் பற்றியவை. மறுபாதி போன வருடம் தறித்தவர்களுடையவை: மரம் போய்விட்டது, இடம் முழுக்கப் புல். இரண்டையும் இந்த முறை சேர்த்தே எடுத்துக்கொண்டேன்.

வேலியோரத்து ‘இப்பில் இப்பில்’ (சூபாபுல்) மரங்களை இரண்டு வருடத்தில் மூன்று தரம் தறித்துவிட்டோம். ஒவ்வொரு தரமும் முன்பைவிட அடர்த்தியாக வருகிறது. கீழே சின்னக் கன்றுகள் வேறு. என்ன செய்வது? (ஆரையம்பதி)

தறிப்பதால் மட்டும் சாகிற மரம் இல்லை இது. அடிக்கட்டையில் உறங்குகிற மொட்டுகள் ஏராளம், வேரில் மாச்சத்துச் சேமிப்பும் இருக்கிறது. எட்டு மாதத்துக்கு ஒரு தரம் வெட்டினால், அந்த எட்டு மாதமும் புதுக்கிளைகளின் இலைகள் வேருக்குச் சாப்பாடு அனுப்பிக்கொண்டுதான் இருக்கும். நீங்கள் செய்தது மரத்தைக் கத்தரித்து வளர்த்ததுதான்.

மணிக்கட்டுப் பருமன் வரையான மரங்களை முதல் மழைக்குப் பிறகு தோண்டுங்கள். ஆணிவேர் முழுவதையும் எடுக்க வேண்டியதில்லை. நிலமட்டத்துக்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில் அலவாங்கால் வேரைத் துண்டித்து, மேல்பகுதியைத் தூக்கிவிட்டால் பெரும்பாலும் திரும்பாது. துளிர்ப்பது அந்தக் கழுத்துப் பகுதிதான்.

பெரிய மரங்களை நிலத்தோடு ஒட்டத் தறியுங்கள். அப்புறம்தான் உண்மையான வேலை. இரண்டு கிழமைக்கு ஒரு தரம் போய், துளிர்களைக் கையால் உரித்து எடுக்க வேண்டும். கத்தியால் நறுக்கினால் அடிமொட்டு மிஞ்சும். இலை விரிந்து வேருக்குத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கும் முன் உரித்துவிட்டால், ஒவ்வொரு துளிரும் சேமிப்பில் ஒரு பங்கைத் தின்றுவிட்டுப் போகும். இடையில் இரண்டு மாதம் விட்டால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சின்னக் கன்றுகள் விதையிலிருந்து வருபவை. விதையின் ஓடு கடினமானது, மண்ணுக்குள் பல வருடம் கெடாமல் கிடக்கும். எனவே இந்த மாரியில் பிடுங்கினாலும் அடுத்த மாரியில் வரும். மனம் சோராதீர்கள், வருடாவருடம் குறையும். நிலம் ஈரமாக இருக்கும்போது, கன்று விரல் நீளத்தில் இருக்கையிலேயே பிடுங்குங்கள். மிஞ்சியிருக்கும் மரங்களைக் காய் பழுப்பாகும் முன் தறித்துவிட வேண்டும்.

குழையை ஆடு விரும்பித் தின்னும். ஆனால் மிமோசின் என்ற நச்சு இருப்பதால் அதையே முழுத்தீனியாக்காதீர்கள். முற்றிய காயோடு போட வேண்டாம், விதை புழுக்கையோடு அடுத்த வளவுக்கும் போகும்.

அடிக்கட்டையில் துளைபோட்டு உப்பு, மண்ணெண்ணெய், பழைய என்ஜின் ஒயில் ஊற்றச் சொல்கிறார்கள். ஊற்றலாமா? (திருக்கோவில்)

வேண்டவே வேண்டாம். எழுவான்கரையான நம் கடலோரப் பக்கத்து மணலில் நல்ல தண்ணீர், உவர்நீருக்கு மேலே ஒரு மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. மேலே ஊற்றுவதைத் தடுக்கக் களிமண் இல்லை. இன்று கட்டையில் ஊற்றும் ஒயில் நாளை உங்கள் கிணற்றுக்கோ பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கோ போகும். ஒரு கட்டைக்காகக் குடிதண்ணீரைப் பணயம் வைப்பதை என்னால் ஏற்க முடியாது.

கிளைபோசேட் என்ற களைகொல்லி பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2015இல் வந்த தடை 2022இல் நீங்கியது. கிணற்றுக்குத் தூரமான இடத்தில், வேறு வழியே இல்லையென்றால், தறித்த சில நிமிடங்களுக்குள் பட்டையை ஒட்டிய வெளிவளையத்தில் மட்டும் தூரிகையால் பூசலாம். அளவு லேபிளில் உள்ளபடி, கையுறையோடு. விசிறாதீர்கள். காற்றில் பறந்தால் முதலில் வாடுவது உங்கள் பப்பாசியும் கத்தரியும்தான்.

அவசரமில்லை என்றால் கட்டையில் துளைகளிட்டு, மாட்டெருவும் மண்ணும் போட்டு மூடி, ஈரமாக வைத்திருங்கள். மேலே ஒரு பூசணிக்கொடி படரட்டும். மெதுவாக உக்கும். தென்னங்கட்டைக்கு மட்டும் இது கூடாது. காரணம் கீழே வருகிறது.

ஜாம் மரத்தைத் தறித்த இடத்தில் கோரை. கொத்தக் கொத்தக் கூடுகிறது. (கல்லடி)

கோரை புதிதாக வரவில்லை. மரம் இருந்தபோதே கிழங்குகள் மண்ணுக்குள் கிடந்தன, நிழல்தான் அடக்கி வைத்திருந்தது. கிழங்குகள் சங்கிலிபோலக் கோர்த்திருக்கும். மண்வெட்டி சங்கிலியை அறுத்தால், உறங்கிக் கிடந்த ஒவ்வொரு கிழங்கும் தனித்தனியாக முளைக்கும். பொலித்தீன் விரித்தாலும் அதன் கூர்முனை துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

கல்லடி மணல் இதில் உங்களுக்கு உதவி. பெரும்பாலான கிழங்குகள் மேல் ஒரு சாணுக்குள்தான் கிடக்கும். பாத்தி பாத்தியாகத் தோண்டி, கட்டட வேலைக்கு மணல் அரிக்கிற சல்லடையில் அரியுங்கள். வெட்டவெளி நிலத்தில் ஒருநாளும் சொல்லமாட்டேன், ஒரு வளவுக்கு முடியும். எடுத்த கிழங்குகளைத் தகரத்தில் போட்டு நல்ல வெயிலில் சுக்காகக் காயவிடுங்கள். எருக்குழிக்குள் போட்டால் எருவோடு திரும்பி வரும்.

அரித்த பாத்தியை ஒரு கிழமைகூட வெறுமையாக விடாதீர்கள். வத்தாளைக் கொடியை நெருக்கமாக நடுங்கள், அல்லது கௌப்பி. நிழலில் கோரை மெலிந்துபோகும். தப்பிய முளைகளைப் பார்த்த உடனே கிழங்கோடு இழுத்தெடுங்கள். இனிமேல் பூக்கன்றுக்கென்று மண் வாங்கினால், கொட்டும் முன் ஒரு கை அள்ளிப் பாருங்கள். கோரை இப்படித்தான் வீடு மாறுகிறது.

தென்னை ஒன்று வீட்டுக்கூரைப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. தறிக்க வேண்டுமா? (காரைதீவு)

1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட வீடுகளில் இந்தப் பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால் சாய்வு மட்டும் ஆபத்தில்லை. அடிமரம் சாய்ந்து, பிறகு வளைந்து தலை நேராக நிமிர்ந்திருந்தால் அது பழைய சாய்வு, மரம் அதற்குப் பழகிவிட்டது. முழுமரமும் கோல்போலச் சாய்ந்து, எதிர்ப்பக்க மண் வெடித்தோ மேலெழும்பியோ இருந்தால், அடியில் பொந்து இருந்தால், ஐப்பசிக்கு முன் இறக்கிவிடுங்கள். அனுபவமுள்ள ஆளைக்கொண்டு, மேலிருந்து துண்டுதுண்டாக, கயிறு கட்டி. மின்கம்பி பக்கத்தில் இருந்தால் முதலில் மின்சார சபைக்குச் சொல்லுங்கள்.

தென்னைக்குக் குருத்து ஒன்றுதான், தறித்தால் துளிர்க்காது. ஆனால் உக்கும் தென்னங்கட்டையில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அந்த வண்டு மற்றத் தென்னைகளின் குருத்தைத் துளைக்கும். குற்றிகளைப் பிளந்து விறகாக்குங்கள், அடிக்கட்டையைத் தோண்டி எடுத்துவிடுங்கள்.

வளவில் உள்ள பலா, பனையைத் தறிக்க யாரைக் கேட்க வேண்டும்? (வெல்லாவெளி)

பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை உங்கள் காணியில் நின்றாலும் அனுமதியின்றித் தறிக்கக்கூடாது. 1951ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டம் அப்படிச் சொல்கிறது. கிராம சேவையாளரிடம் சொல்லி, பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள். குற்றிகளை வெளியே ஏற்றிச் செல்வதானால் அதற்கும் அங்கேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கிணற்றுக் கட்டில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. அரசை வெட்ட அம்மா விடமாட்டேன் என்கிறார். (களுவாஞ்சிகுடி)

அம்மா சொல்வதை மதித்தே செய்யலாம். வெட்ட வேண்டாம், இடம் மாற்றுங்கள். மழையில் காரை நனைந்திருக்கும்போது, வேரைச் சுற்றிய சாந்தை உளியால் மெல்லக் கொத்தி, கன்றை வேரோடு எடுங்கள். கொஞ்ச வேர் இருந்தாலே அரசு பிழைக்கும். நனைத்த சாக்கில் சுற்றி, கோயில் வீதியிலோ குளக்கட்டுக்கு அப்பாலோ கட்டடங்களுக்கு எட்டாத இடமாகக் கேட்டு நடுங்கள். கிணற்று வெடிப்பில் மிஞ்சிய வேர்த்துண்டுகளையும் கிளறி எடுத்து, அன்றைக்கே சீமெந்து பூசிவிடுங்கள். வெடிப்பு திறந்திருந்தால் அடுத்த விதையைக் காகம் கொண்டுவரும்.