தறி மாறினால் ஊரின் உற்பத்தித்திறன் மாறுமா? கேள்வி பதில்

சோமனூர், பல்லடம் பக்கம் நாடாவில் ஊடை (குறுக்கு நூல்) ஓடும் பழைய நாடா தறியை எடுத்துவிட்டு, காற்றடித்து ஊடையைச் செலுத்தும் ஏர்ஜெட் தறி போடுவது பற்றி வந்த கேள்விகள்.

பல்லடம், தறிக்காரர்: ஏர்ஜெட் போட்டால் ஆளுக்கு எத்தனை மீட்டர் கூடும்ங்க?

ஊடை ஒருமுறை குறுக்கே போவது ஒரு பிக். நிமிட பிக்கை (தறி வேகம்) 60ஆலும் எஃபிஷியன்சியாலும் (தறி நிற்காமல் ஓடும் நேரத்தின் பங்கு) பெருக்குங்க. துணியில் அங்குலத்துக்கு எத்தனை பிக்கோ அதை 39.37ஆல் (ஒரு மீட்டருக்கு இத்தனை அங்குலம்) பெருக்கி, வரும் எண்ணால் வகுத்தால் மணிக்கு இத்தனை மீட்டர் என்று கிடைக்கும். 60 பிக் துணிக்கு நாடா தறி 130 வேகத்தில், 80 சதவீதத்தில் 2.64 மீட்டர். ஒருத்தர் 6 தறி பார்த்தால் 8 மணி ஷிப்டுக்கு 127 மீட்டர். ஏர்ஜெட் 700 வேகம், 90 சதவீதம் என்றால் 16 மீட்டர். 12 தறிக்கு 1,536. பன்னிரண்டு மடங்கு! ஆனால் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், பாவு (நீள நூல்) பிணைக்கிறவர் எல்லாரையும் கணக்கில் சேர்த்தால் இது இறங்கிவிடும்.

ஈரோடு, பொருளியல் மாணவி: அப்படியானால் மாவட்ட உற்பத்தித்திறனும் அந்த அளவு ஏறுமா சார்?

ஏறாதும்மா. மீட்டர் வேறு, மதிப்புக்கூட்டல் வேறு. வரவில் நூல், மின்சாரம், உதிரிபாகம் கழித்து, உழைத்த மணியால் வகுக்க வேண்டும். வட்டியையும் தேய்மானத்தையும் கழிக்கக் கூடாது. பலர் சறுக்குவது இங்கேதான். கூலிக்கு நெய்பவருக்கு நெசவுக்கூலிதான் மொத்த வரவு. சொந்த நூலில் ஓட்டும் ஆலையின் விற்பனையை அதோடு ஒப்பிட்டால் நூல் விலையே உற்பத்தித்திறன் வேஷம் போடும்.

இன்னொன்று, வெளியேறிய நெசவாளர் எங்கே போனார்? ஒரு கற்பனைக் கணக்கு: 100 பேர், மணிக்குத் தலைக்கு 100 ரூபாய் மதிப்பு. 20 பேர் ஏர்ஜெட்டில் 300 ரூபாய்க்குப் போகிறார்கள், 40 பேர் 50 ரூபாய் வேலைக்கு, மீதி 40 பேருக்கு வேலையில்லை. வேலையில் உள்ள 60 பேரின் சராசரி 133 ஆகிவிடும். மொத்த மதிப்போ 10,000லிருந்து 8,000. சராசரியை மட்டும் பார்த்தால் வளர்ச்சி!

சோமனூர்: புது மெஷின் எஃபிஷியன்சி 60 சதவீதம் தாண்டவே மாட்டேங்குது. கம்பெனிக்காரர் வந்து பார்த்தும் சரியாகலை.

முதல் சந்தேகம் சைசிங், அதாவது பாவு நூலுக்குக் கஞ்சி போடுவது. நாடா தறிக்குப் போட்ட கஞ்சி இந்த வேகத்துக்குத் தாங்காது. பாவு நூலில் பிசிறு நின்றால் இழைகள் ஒட்டிக்கொண்டு ஊடையைத் தடுக்கும். பருத்திக்கு ஷெட் ஈரப்பதம் 75 முதல் 80 சதவீதம் வேணும். அடுத்து காற்றுக் கசிவு: தறிகளை நிறுத்தி கம்ப்ரஸரை மட்டும் விடுங்க. லோடு நேரத்தை (கம்ப்ரஸர் காற்றை அழுத்தும் நேரம்) மொத்த நேரத்தால் வகுத்தால் கசிவின் பங்கு தெரியும். அக்கம்பக்கத்து சைசிங் மில் மாறாதவரை ஊரே இந்த 60இல்தான் நிற்கும்.

திருப்பூர்: தொழிற்சாலை ஆண்டுக் கணக்கெடுப்பை நம்பலாமா?

பதிவான ஆலைகளுக்கு நம்பலாம். வீட்டோடு ஒட்டிய ஷெட்டுகள் பெரும்பாலும் அதில் வராது. அவற்றுக்குக் கம்பெனியாகப் பதிவாகாத நிறுவனங்களின் கணக்கெடுப்பை (ASUSE) பாருங்க.