சமரசம் ஆகியும் பாஸ்போர்ட் விசாரணையில் வழக்கு நிலுவை

தம்பி, கோயில் கொடைத் திருவிழாவில் நடந்த தகராறு சமரசமாகியும் அம்பாசமுத்திரம் கோர்ட்டில் வழக்கு நிலுவை என்று பாஸ்போர்ட் நிற்பதாகக் கேட்டிருந்தீர்கள். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால் வழக்கு முடியாது. இந்திய தண்டனைச் சட்டம் 323 (அடித்துக் காயப்படுத்துதல்), 506(1) (மிரட்டல்) இரண்டையும் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே சமரசமாக முடிக்கலாம். 294(பி)க்கு (பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டுதல்) அது கிடையாது. அந்த ஒன்றுக்காகத்தான் ஐகோர்ட் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும்.

பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 528-இல் (பழைய சட்டத்தில் 482) ரத்து மனு போடுங்கள். சார்ஜ் ஷீட்டை மாஜிஸ்திரேட் கோர்ட் கோப்புக்கு எடுத்துவிட்டதால், அங்கே கொடுத்த சி.சி. எண்ணை (வழக்கு எண்) சொல்லித்தான் ரத்து கேட்க வேண்டும். வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட மூன்று பேரும் சேர்ந்தே போடுங்கள். விடுபட்டவர் மேல் வழக்கு ஓடும். கூட்டுச் சமரச மனு, புகார்தாரர் பிரமாணப் பத்திரம், ஆதார் நகல் தேவை. புகார்தாரரும் நேரில் வரத் தயாராக இருக்கட்டும்.

பலர் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான். உத்தரவின் சான்றிட்ட நகலை மாஜிஸ்திரேட் கோர்ட், ஸ்டேஷன், நெல்லை மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகம் மூன்றிலும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ரத்தானதை அவர்கள் பதிவேற்றாதவரை போலீஸ் கம்ப்யூட்டர் 'நிலுவை' என்றே காட்டும்.

பயணம் அவசரமென்றால், அம்பாசமுத்திரம் கோர்ட்டிலேயே பாஸ்போர்ட்டுக்கு அனுமதி உத்தரவு கேட்டு மனு போடலாம்.