ஊர்ச் சமுதாயக் கூடத்தில் மாற்றுத்திறனாளிகளும் வந்து உட்காரும்படி ஒரு கூட்ட அறை அமைக்க, மக்களிடம் பணம் திரட்ட முடியுமா?

முடியும். தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில் இருக்கும் எங்கள் கடற்கரை ஊரில் போன வருடம் செய்து முடித்தோம்.

எங்கள் கூடத்துக்கு மூன்று படி, மொத்தம் ஒன்றரை அடி உயரம். படகில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போன என் சித்தப்பா, ஊர்க்கூட்டம் என்றால் சக்கர நாற்காலியில் வாசல் வேப்பமரம் வரை வருவார். உள்ளே பேசுவது அரைகுறையாகத்தான் காதில் விழும். எல்லாம் முடிந்த பிறகு யாராவது வந்து "இப்படி முடிவாச்சுண்ணே" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நாலு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு போகிறோம் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார். "பேச வர்றவனைச் சாமான் மாதிரி தூக்காதீங்கடா" என்பார்.

அதனால் நான் முதலில் சொல்வது இதுதான்: வசூல் நோட்டைத் திறப்பதற்கு முன்னால், அந்த அறைக்கு வரப்போகிறவர்களைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அந்த வேப்பமரத்தடியில் ஆறு பேரோடு உட்கார்ந்தோம். எங்கள் மனதில் இருந்தது ஒரு சாய்தளமும் இரண்டு ஃபேனும் மட்டும்தான். இளம்பிள்ளை வாதம் வந்த ஓர் அக்கா சொன்னார்: "பாத்ரூம் இல்லாத கூட்டத்துக்கு வரணும்னா காலையில இருந்து நான் தண்ணி குடிக்கக் கூடாது." காது மந்தமான பெரியவர் ஒருவர், பேசுகிறவர் ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருட்டாகி உதட்டசைவு தெரிவதில்லை என்றார். இந்த இரண்டும் எங்களில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

அடுத்தது மதிப்பீடு. சாய்தளத்துக்கு ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. எங்கள் ஒன்றரை அடிக்குப் பதினெட்டு அடி. கொத்தனார் ஆறு அடி போதும் என்றார். வாதாடாமல் ஆறு அடிப் பலகையைப் படியில் சாய்த்து வைத்தோம். சித்தப்பா பாதி ஏறியதும் நாற்காலியின் முன்சக்கரம் இரண்டும் மேலே தூக்கிக்கொண்டன, பின்னால் நின்று நான் பிடித்துக்கொண்டேன். அதற்கு மேல் கொத்தனார் ஒன்றும் சொல்லவில்லை. நேராகப் பதினெட்டு அடிக்கு இடமில்லை. நடுவில் ஐந்தடிச் சதுரத்தில் ஒரு சமதளம் விட்டுத் திருப்பினோம். கதவு திறந்த பிறகு மூன்றடி வழி இருக்க வேண்டும், சட்டத்தோடு சேர்த்து மூன்றடி என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

நம் கரைக்கென்று இரண்டு செலவு உண்டு. ஒன்று மணல். தார்ரோட்டிலிருந்து கூடம் வரை மணல் என்றால் சாய்தளம் கட்டியும் பயனில்லை, சக்கரம் வழியிலேயே புதைந்துவிடும். அதனால் நடைபாதையையும் மதிப்பீட்டில் சேருங்கள். இன்னொன்று உப்புக்காற்று. சாதாரண இரும்புக் கைப்பிடி சீக்கிரமே துருவேறி உள்ளங்கையைக் கிழிக்கும். விலை கூடினாலும் 316 ரக எவர்சில்வர் குழாய்தான் போட வேண்டும்.

பணம் திரட்டும்போது 'பாவம்' என்று தோன்றவைக்கும் படம் வேண்டாம் என்று சித்தப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மணலில் சக்கரம் புதைவதையும், டேப் பிடித்துப் படியை அளப்பதையும் இரண்டு நிமிட வீடியோவாக எடுத்தோம். கைப்பிடி ஓர் அடிக்கு இவ்வளவு, கதவுக்கு இவ்வளவு என்று பிரித்துப் போட்டோம். இணையத்தில் பணம் திரட்ட மிலாப், கெட்டோ மாதிரித் தளங்கள் இருக்கின்றன. ஆனால் ஊர்க் கட்டடத்துக்கு முன்பின் தெரியாதவர்கள் பெரிதாகக் கொடுத்துவிடுவதில்லை. எங்களுக்கு வந்ததில் பெரும்பகுதி துபாய், சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் நம்மூர்க்காரர்கள் தந்தது, அதுவும் ஒவ்வொருவராகப் போன் போட்டுப் பேசிய பிறகு.

இங்கே ஒரு சட்ட விஷயம் முக்கியம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்துவிட்டவர் அனுப்புவது வெளிநாட்டு நிதிதான். 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டப்படி அனுமதி பெற்ற அமைப்புதான் அதை வாங்கலாம். உறவுக்காரர்தானே என்று வாங்கிவிடாதீர்கள். நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை பெற 80ஜி ரசீது கேட்பவர்களுக்கு, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிவிலக்கு கிடையாது என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

நாங்கள் செய்த தவறு, மே மாதத்தில் வசூலைத் தொடங்கியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகை நம்பிய வீடுகளில் கையில் காசு இருக்காது. அந்த வீடுகளின் ஆண்கள் காசுக்குப் பதிலாக வேலைக்கு வந்தார்கள், நடைபாதைக்குச் சல்லி சுமந்தது முழுக்க அவர்கள்தான். அந்த வேலையையும் கூலியாகக் கணக்கிட்டு, அவரவர் பெயரில் நன்கொடையாக எழுதினோம். வரவு செலவு ஒவ்வொரு நாளும் டீக்கடைப் பலகையில் எழுதப்பட்டது, பில்லின் படம் வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது.

கட்டடம் ஊராட்சியுடையது என்றால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால் மீதியை அரசு போடும், வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். கேட்கும்போது தயங்க வேண்டாம். பொதுக் கட்டடத்துக்குள் எல்லோரும் போய்வர வழி இருக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே சொல்கிறது.

புது அறையில் முதல் கூட்டம் மீன் ஏலத் தரகு பற்றியது. சித்தப்பா தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு ஏறி வந்தார். முன்வரிசையில் ஒரு நாற்காலியை எடுக்கச் சொல்லி அந்த இடத்தில் தன் சக்கர நாற்காலியை நிறுத்தினார். தரகுக் கணக்கில் எங்கே இடிக்கிறது என்று கால் மணி நேரம் பேசினார். அன்றைக்கு எடுப்பதாக இருந்த முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தோம்.