தவளைத் தோல் பெப்டைடு காசநோயைக் குணமாக்குமா?

கேள்வி: உசிலம்பட்டியில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் என்று சொல்லிவிட்டார்கள். தவளைத் தோலில் இருக்கும் பெப்டைடு எந்தக் கிருமியையும் கொல்லும், பக்கவிளைவு கிடையாது என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அந்த மருந்து மதுரையில் எங்கே கிடைக்கும்?

பதில்: மதுரையில் மட்டுமல்ல, எங்குமே கிடைக்காது. அப்படி ஒரு காசநோய் மருந்து இன்னும் விற்பனைக்கு வரவில்லை. பொடி, குப்பி என்று யாராவது விற்றால் பணம் அனுப்பிவிடாதீர்கள். சித்தப்பாவின் மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். உங்களுக்கு வேண்டிய பதில் இவ்வளவுதான். ஆனால் அந்தக் காணொளி உண்மையையும் புளுகையும் சேர்த்துப் பிசைந்திருப்பதால், எது எது என்று பிரித்துச் சொல்கிறேன். நான் மருத்துவர் அல்ல. மதுரைப் பக்கம் ஆய்வகத்தில் சளிப் பரிசோதனை செய்து ஓய்வு பெற்றவன்.

தவளை விஷயம் உண்மை. அமெரிக்காவில் மைக்கேல் சாஸ்லாஃப் என்ற ஆய்வாளர் ஆப்பிரிக்கத் தவளைகளுக்கு அறுவை செய்து, தையல் போட்டு, அழுக்குத் தொட்டியிலேயே திரும்ப விட்டார். புண்கள் சீழ் பிடிக்காமல் ஆறின. காரணத்தைத் தேடியவர் தோலிலிருந்து ‘மகைனின்’ என்ற பெப்டைடைப் பிரித்தெடுத்து 1987இல் வெளியிட்டார். பெப்டைடு என்பது புரதத்தின் சிறு துண்டு. அமினோ அமிலங்கள் சில பத்து சேர்ந்த சங்கிலி. இந்த வகைப் பெப்டைடுகளில் பெரும்பாலானவை நேர்மின் ஏற்றம் கொண்டவை. பாக்டீரியாவின் சவ்வு எதிர்மின் பக்கம் சாய்ந்தது. ஆகவே அதில் போய் ஒட்டி, சவ்வைக் கிழித்துவிடுகின்றன. நம் செல்களின் வெளிப்புறத்தில் அந்த ஏற்றம் குறைவு என்பதால் நாம் பெரும்பாலும் தப்பிக்கிறோம். ‘பெரும்பாலும்’தான். அளவு கூடினால் சில பெப்டைடுகள் நம் சிவப்பணுக்களையும் உடைக்கும். பக்கவிளைவே இல்லை என்பது அங்கேயே அடிபட்டுப் போகிறது. மகைனினை மாற்றியமைத்து, சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்குக் களிம்பாகக் கொண்டுவரப் பார்த்தார்கள். 1999இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு அனுமதி தரவில்லை. தோலில் பூசும் மருந்துக்கே அந்தப் பாடு.

காசநோய்க் கிருமியோ வேறு ரகம். சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, கார்பால் ஃபுக்சின் சாயத்தை ஊற்றி, ஆவி எழும்வரை அடியில் சூடு காட்டுவோம், கொதிக்க விடக்கூடாது. பிறகு 25 சதவீதக் கந்தக அமிலத்தை ஊற்றினால் மற்றக் கிருமிகள் பெரும்பாலும் வெளுத்துவிடும். இதுவோ சாயத்தை விடாது. மெத்திலீன் நீலப் பின்னணியில் இளஞ்சிவப்புக் குச்சிகளாகக் கிடக்கும். மைக்கோலிக் அமிலம் என்ற மெழுகுத்தன்மையுள்ள கொழுப்பு அதன் சுவரில் அடர்ந்திருப்பதுதான் காரணம். கந்தக அமிலத்துக்கே அசையாத அந்தச் சுவரைத் தாண்டித்தான் பெப்டைடு உள்ளே இருக்கும் சவ்வைத் தொட வேண்டும். சவ்விலும் இந்தக் கிருமி ஒரு தந்திரம் வைத்திருக்கிறது. நேர்மின் ஏற்றமுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தைத் தன் சவ்வுக் கொழுப்பில் ஒட்டவைத்து, பெப்டைடை ஈர்க்கும் எதிர்மின் ஏற்றத்தைக் குறைத்துக்கொள்கிறது. இதெல்லாம் போதாதென்று, கிருமியை விழுங்கி நம்மைக் காக்க வந்த வெள்ளையணுவான விழுங்கணுவுக்குள்ளேயே அது குடியிருக்கிறது.

அந்த விழுங்கணுவும் சும்மா இருப்பதில்லை. எல்.எல்.-37 என்ற சொந்தப் பெப்டைடைச் சுரந்து கிருமியைத் தாக்குகிறது. அதைச் சுரக்க வைட்டமின் டி வேண்டும் என்று 2006இல் கண்டுபிடித்தார்கள். மதுரை வெயிலில் வைட்டமின் டி குறையுமா என்று சிரிக்காதீர்கள். பகல் முழுக்கக் கூரைக்கடியில் வேலை பார்ப்பவருக்குக் குறையும். மதுரைப் பக்கத்துத் தோப்பூரில், ஊருக்கு வெளியே காற்றும் வெளிச்சமும் பார்த்துக் காசநோய் சானடோரியம் (நோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவமனை) கட்டியவர்கள் சரியாகத்தான் யோசித்தார்களோ என்று அப்போது எனக்கும் தோன்றியது. ஆனால் மருந்தோடு வைட்டமின் டி சேர்த்துக் கொடுத்து இந்தியாவிலேயே பல மையங்களில் சோதித்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். சளியில் கிருமி மறையும் வேகம் கூடவில்லை. குறைபாடு இருந்தால் மருத்துவர் எழுதித் தருவதைச் சாப்பிடட்டும்; அதுவே காசநோய்க்கு மருந்தாகிவிடாது. ஆய்வகத் தட்டில் தெரிவது மனித உடம்பிலும் நடக்குமா என்பதை மனிதர்களிடம்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வும் அப்படித்தான், சானடோரியத்தில் படுத்திருந்தவர்கள் அளவுக்கு வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களும் குணமாவதைக் காட்டியது.

அப்படியானால் பெப்டைடு ஆராய்ச்சி வீண் வேலையா? இல்லை. சவ்வைக் கிழிக்கும் வகையில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. கிருமிக்குள் ஒரே ஒரு புரதத்தைக் குறிவைத்துப் பிடிக்கும் வகையில் இருக்கிறது. மண் பாக்டீரியாவிலிருந்து கிடைத்த லாசோமைசின் ஒன்று, 2014இல் வெளிவந்தது. கிருமி தன் பழைய புரதங்களைத் துண்டாக்கி ஒழிக்க ஒரு நொதித் தொகுதி வைத்திருக்கிறது. இந்தப் பெப்டைடு அதன் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ள, அது ஆற்றலை வீணாக எரிக்கிறது, புரதமோ துண்டாவதில்லை. கிருமி செத்துப்போகிறது. குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்களை இது கிட்டத்தட்டத் தொடுவதே இல்லை. இன்னொன்று கிரைசெலிமைசின். 1960களில் கண்டுபிடித்து, வாய்வழி கொடுத்தால் உடம்பில் சரியாகச் சேரவில்லை என்று மூலையில் போட்டுவிட்டார்கள். அதன் அமைப்பைக் கொஞ்சம் மாற்றி, எலிகளுக்கு வாய்வழியே கொடுத்து வேலை செய்வதை 2015இல் காட்டினார்கள். கிருமி தன் டிஎன்ஏவைப் படியெடுக்க உதவும் ஒரு வளையப் புரதத்தை இது பிடிக்கிறது. இதற்கு எதிர்ப்பு வளர்த்துக்கொள்ளும் கிருமி வலுவிழந்துபோகிறது என்பதுதான் என்னை மிகவும் கவர்ந்த செய்தி.

வாய்வழி என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சாதாரணப் பெப்டைடை விழுங்கினால், சித்தப்பா சாப்பிடும் முட்டைக்கு வயிற்றில் என்ன நடக்குமோ அதுதான் அதற்கும் நடக்கும். ஊசி போட்டாலும் ரத்தத்தில் உள்ள நொதிகள் நறுக்கிவிடும். அதனால்தான் சங்கிலியின் இரு முனைகளையும் இணைத்து வளையமாக்குவது, இயற்கையில் அரிதான கண்ணாடிப் பிம்ப அமினோ அமிலங்களைச் சேர்ப்பது, நுண்துகள்களில் அடைத்து மூச்சு வழியே நுரையீரலுக்கு அனுப்புவது என்று முயல்கிறார்கள். செலவும் கூடுதல். மாதக்கணக்கில் லட்சக்கணக்கானோருக்குக் கொடுக்க வேண்டிய நோயில் இது சின்ன விஷயம் இல்லை.

பெப்டைடு காசநோய்க்குப் புதிதும் அல்ல. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குப் போட்டுவந்த கேப்ரியோமைசின் ஊசி ஒரு வளையப் பெப்டைடுதான். அது காதையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். 2019இல் உலக சுகாதார நிறுவனம் அதைச் சிகிச்சைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ‘இயற்கைப் பெப்டைடு, பக்கவிளைவே இல்லை’ என்று பேசுபவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

இனிச் சித்தப்பா விஷயம். பெடாக்விலின், பிரிட்டோமனிட், லினெசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் என்ற நான்கு மாத்திரைகளின் ஆறு மாதச் சிகிச்சைக்கு 2024 செப்டம்பரில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. ஊசி கிடையாது, முன்பு சிகிச்சை ஒன்றரை, இரண்டு வருடம்கூட இழுத்தது. அது அவருக்குப் பொருந்துமா என்று மாவட்டக் காசநோய் மையத்தில் கேளுங்கள். அரசுத் திட்டத்தில் மருந்து இலவசம். சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். லினெசோலிட் சாப்பிடும்போது பாதம் மரத்துப்போனாலோ எரிந்தாலோ, பார்வை மங்கினாலோ உடனே சொல்ல வேண்டும். பெடாக்விலினுக்கு இசிஜி எடுப்பார்கள், அதைத் தட்டிக் கழிக்க வேண்டாம். வீட்டில் மற்றவர்களையும், குறிப்பாகச் சின்னப் பிள்ளைகளை, இந்த வாரமே பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.