யார் கெடுத்தார்கள் என்று கேட்பவர்களுக்கு

அம்மாப்பேட்டையில் தறி ஓட்டும் ஒரு அப்பா: மகனாக வளர்த்த பிள்ளை 19 வயதில் ‘நான் பெண்’ என்கிறது. காலேஜ் சகவாசம் கெடுத்துவிட்டதா, எங்கள் வளர்ப்புதான் தப்பா?

பதில்: இரண்டும் இல்லைங்க ஐயா. கனடாவில் 1965-ல் பிறந்த டேவிட் ரைமருக்குக் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு சிறு அறுவைச் சிகிச்சை தவறி, ஆணுறுப்பு போய்விட்டது. ஜான் மணி என்ற உளவியலாளரின் யோசனைப்படி பெண்ணாக வளர்த்தார்கள். பெண் பெயர், கவுன், ஹார்மோன் எல்லாம் கொடுத்தும் மனம் ஒட்டவில்லை. 14 வயதில் உண்மை தெரிந்ததும் ஆணாக வாழத் தொடங்கினார். ஒருவர் கதையே முழுச் சான்று ஆகாதுதான். ஆனாலும் வளர்ப்பு நினைத்தால் பாலினத்தைத் திருப்பிவிடும் என்ற எண்ணத்தை அது உடைத்தது.

கருவில் சுரக்கும் ஹார்மோன், மரபணு இரண்டுக்கும் பங்கு இருக்கலாம் என்கிறார்கள். ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில்கூட ஒருவர் திருநங்கையாகவும் மற்றவர் ஆணாகவும் இருப்பதுண்டு. அதனால் மரபணு மட்டுமே விடையும் அல்ல. சரி, நண்பர்கள் என்ன செய்தார்கள்? சின்ன வயதிலிருந்து உள்ளே உறுத்தியதற்கு ஒரு சொல் கொடுத்தார்கள், அதை உங்களிடம் சொல்லத் தைரியம் கொடுத்தார்கள்.

‘மாற்றித் தருகிறேன்’ என்பவரிடம் தயவுசெய்து அழைத்துப் போகாதீர்கள். அப்படிப்பட்ட சிகிச்சை கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் சொல்லிவிட்டது. இது மனநோய் அல்ல என்று உலக சுகாதார நிறுவனமும் தன் நோய்ப் பட்டியலைத் திருத்திவிட்டது. நம் சேலத்தில் பிறந்த திருநங்கை பிரித்திகா யாஷினி 2015-ல் நீதிமன்றத் தீர்ப்பு வாங்கி சப்-இன்ஸ்பெக்டர் ஆனவர். அதைப் பிள்ளையிடம் சொல்லுங்கள்.

ஏற்காட்டிலிருந்து ஒரு மாணவி: காபி எஸ்டேட் குடும்பம். நான் மட்டும் சாதி வேண்டாம், சாமி வேண்டாம் என்கிறேன். ‘மூளைச்சலவை’ என்கிறார் அண்ணன். நான் எப்படி இப்படி ஆனேன்?

பதில்: பெரும்பாலும் முதலில் ஒரு காயம், அப்புறம் அதற்குக் காரணம் சொல்லும் ஒரு மனிதர், அப்புறம் ஒரு நட்பு வட்டம். 1944 ஆகஸ்ட் 27 அன்று சேலத்தில்தான் நீதிக்கட்சி திராவிடர் கழகமானது. அந்த இயக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் புத்தகம் படித்து வந்தவர்கள் அல்லம்மா. டீக்கடையில் ஒருவர் பேப்பரைச் சத்தமாக வாசிக்க, கேட்டு வந்தவர்கள் ஏராளம். ஆட்கள் வழியாக வந்ததாலேயே ஒரு கருத்து பொய்யாகிவிடாது. உங்கள் அண்ணனின் கருத்தும் யாரோ ஆட்கள் வழியாகத்தான் வந்தது.

ஒன்று மட்டும் உங்களையே கேளுங்கள்: எதைக் காட்டினால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன்? பதில் இருந்தால் அது மூளைச்சலவை இல்லை. பாலினத்தை இந்தக் கேள்வியால் சோதிக்கக் கூடாது. அது வாதம் பண்ணி எடுத்த முடிவு அல்ல.

கொண்டலாம்பட்டியிலிருந்து ஒரு பாட்டி: பேரனை இனி என்னவென்று கூப்பிடுவது?

பதில்: ‘என்ன பேர் வெச்சிருக்க கண்ணு?’ என்று கேளுங்கள் பாட்டி. சொல்லும் பெயரில் கூப்பிட்டுச் சோறு போடுங்கள்.