எத்தனை பேரில் எத்தனை பேர்? இளவயதுப் புற்றுநோய்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, இளையர்களிடையே புற்றுநோய் 79 சதவீதம் கூடிவிட்டது என்ற ஒரே வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்துப் பதறி எழுதியவை. அந்தச் செய்திக்கு நடுவில் வருகிறேன். இளவயது என்று நான் சொல்லுமிடத்தில் 15 முதல் 39 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயைப் பற்றிக் கேட்பவர்கள் வயதையும், எத்தனை நாளாக என்பதையும் எழுதுங்கள். முன்பே கேட்டுக்கொண்டதுதான், யாரும் காதில் போட்டுக்கொள்வதாகத் தெரியவில்லை. முதல் கடிதத்தையே பாருங்கள்.

என் மகனுக்குக் கழுத்தில் கட்டி. புற்றுநோயாக இருக்குமா?
(வாசகி, ஜூரோங் வெஸ்ட்)

மகனுக்கு வயது ஆறா, முப்பத்தாறா? கட்டி எத்தனை நாளாக இருக்கிறது? தொட்டால் வலிக்கிறதா? ஒன்றும் எழுதாமல் கேட்டால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். பொதுவாகச் சொல்கிறேன். தொண்டைவலி, சொத்தைப்பல் வந்தால் கழுத்தில் நெறி கட்டும், தொட்டால் வலிக்கும், இரண்டு மூன்று வாரத்தில் வற்றிவிடும். மூன்று வாரம் தாண்டியும் வற்றாத கட்டியைக் குடும்ப மருத்துவரிடம் காட்ட வேண்டும். காறை எலும்புக்கு மேலே வலியில்லாத கட்டி, இரவில் பனியனைப் பிழியும் அளவுக்கு வியர்வை, காரணமில்லாமல் எடை இறங்குவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த மூன்று வாரமும் வேண்டாம், நாளைக்கே போங்கள்.

எனக்கு 29 வயது, ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்றுநோய்), இரண்டாம் கட்டம். ஐந்தாண்டு உயிர்வாழ்வு 90 சதவீதம் என்று மருத்துவர் சொன்னார். அப்படியென்றால் ஐந்து ஆண்டுதானா?
(வாசகி, செங்காங்)

இல்லையம்மா. ஐந்தாண்டு என்பது கணக்கெடுக்கப் போட்ட கோடு, ஆயுளுக்கு வைத்த கெடு இல்லை. இந்த நோய் கண்ட நூறு பேரில் ஐந்தாண்டு கழித்து எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணுகிறார்கள். தொண்ணூறு பேர் இருக்கிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் அதற்குப் பிறகும் நெடுங்காலம் இருப்பார்கள். ஹாட்ஜ்கின் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுக்குள் திரும்பும். இன்னொன்று, ஐந்தாண்டுக் கணக்குப் போட வேண்டுமானால் ஐந்தாண்டுக்கு முன்பே நோய் கண்டவர்கள்தான் அதில் இருக்க முடியும். நீங்கள் பார்க்கும் எண் பழைய சிகிச்சையின் பலன்.

எல்லாப் புற்றுநோய்க்கும் இந்தக் கோடு ஒரே மாதிரி பேசாது. ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய் பத்துப் பதினைந்து ஆண்டு கழித்தும் திரும்பலாம். அமெரிக்காவில் இளவயதினர் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் ஐந்தாண்டு உயிர்வாழ்வு ஏறக்குறைய 85 சதவீதம். ஆனால் தைராய்டின் 99ஐயும், பரவிவிட்ட எலும்புப் புற்றுநோயின் முப்பதையும் கலந்து எடுத்த சராசரி அது. உங்கள் நோய்க்கு, உங்கள் கட்டத்துக்கு உள்ள எண்ணை மட்டும் கேளுங்கள்.

நாற்பது வயது மகளுக்கும் சேர்த்து இரத்தத்தில் 'டியூமர் மார்க்கர்' (புற்றுநோய்க் குறிகாட்டி) எல்லாம் பார்க்கும் பேக்கேஜ் எடுக்கலாமா? சலுகை விலை.
(வாசகர், பிடோக்)

வேண்டாம். நலமாக இருப்பவரிடம் இவை நோயைக் கண்டுபிடிப்பதைவிடத் தூக்கத்தைக் கெடுப்பதே அதிகம். சிகரெட் பிடித்தால் சிஇஏ என்ற மார்க்கர் ஏறும், மாதவிலக்கு நாளில் சிஏ 125 என்ற மார்க்கர் ஏறும். அந்தக் காசில் ஒரு மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) பற்றி மகள் தன் மருத்துவரிடம் பேசட்டும், நாற்பதில் அதற்காவது அர்த்தம் உண்டு.

இளையர்களிடையே புற்றுநோய் 79 சதவீதம் கூடிவிட்டது என்று என் நாத்தனார் அனுப்பினார். சிங்கப்பூரிலும் இப்படித்தானா? பிள்ளைகளை நினைத்தால் பயமாக இருக்கிறது.
(வாசகி, யீஷூன். இதே செய்தியை அனுப்பிய மற்றவர்களுக்கும் சேர்த்து.)

அந்த 79 பொய் இல்லை. 2023ல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்விலிருந்து எடுத்தது. 1990ல் உலகம் முழுவதும் 50 வயதுக்குக் கீழே புதிதாகப் புற்றுநோய் கண்டவர்கள் சுமார் 18.2 லட்சம், 2019ல் சுமார் 32.6 லட்சம். கூடியது 79 சதவீதம். செய்தியை அனுப்பிய யாருமே அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை: எத்தனை பேரில்?

1990ல் உலக மக்கள்தொகை 530 கோடி. 2019ல் 770 கோடி. ஆளே நாற்பத்தைந்து சதவீதம் கூடியிருக்கிறது. பந்தியில் இலை கூடினால் உலையும் கூடத்தான் செய்யும். 79 என்பது தலைக்கணக்கு, விகிதம் இல்லை. அதே ஆய்வில் இறப்பு 28 சதவீதம்தான் கூடியது, அதாவது மக்கள்தொகை கூடிய அளவுக்குக்கூட இல்லை. அந்த வரியை வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பினார்களா?

எண்ணிக்கை கூட இன்னொரு வழியும் உண்டு: தேடினால் கிடைக்கும். தென்கொரியாவில் உடல்நலச் சோதனையோடு தைராய்டு ஸ்கேனும் சேர்த்துச் செய்யத் தொடங்கினார்கள். 1993க்கும் 2011க்கும் இடையில் தைராய்டு புற்றுநோய் பதினைந்து மடங்கானது. அதனால் இறந்தவர்கள் தொகை அசையவே இல்லை. பெரும்பாலோர் கழுத்தில் அறுவை செய்துகொண்டு ஆயுளுக்கும் மாத்திரை விழுங்கியதுதான் மிச்சம். இப்படிக் கண்டுபிடித்த தீங்கில்லாக் கட்டிகளையும் கணக்கில் சேர்த்தால் உயிர்வாழ்வு விகிதம் தானாக ஏறும், பார்ப்பவர்கள் மருத்துவம் முன்னேறிவிட்டது என்பார்கள். விகிதம், உயிர்வாழ்வு, இறப்பு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவர் புள்ளிவிவரத்தைத் தொடக்கூடாது என்பது என் கட்சி.

அதனால் ஒன்றுமே கூடவில்லை என்று நான் சொன்னதாக அடுத்த செய்தியைக் கிளப்பிவிடாதீர்கள். பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் இளவயதில் கூடுவது நிஜம். அமெரிக்காவில் 1950 வாக்கில் பிறந்தவர்களோடு ஒப்பிட்டால், அதே வயதில் 1990 வாக்கில் பிறந்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு இரண்டு மடங்கு, மலக்குடலுக்கு நான்கு மடங்கு. உடல் பருமன், உணவு, குடல் நுண்ணுயிர் என்று பலதைச் சந்தேகிக்கிறார்கள், முழுக் காரணம் இன்னும் பிடிபடவில்லை. ஆனாலும் நான்கு மடங்கு என்றதும், எதன் நான்கு மடங்கு என்று கேட்க வேண்டும். அமெரிக்காவில் 15 முதல் 39 வரை எல்லாப் புற்றுநோயும் சேர்த்தே ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 75 பேருக்கு வருகிறது. எழுபது வயதைத் தாண்டினால் அது இரண்டாயிரத்தைத் தொடும்.

நமக்கு நல்ல கணக்கு வீட்டிலேயே இருக்கிறது. சிங்கப்பூர்ப் புற்றுநோய்ப் பதிவகம் 1967ல் தொடங்கியது. தொடங்கியவர் பேராசிரியர் கா. சண்முகரத்தினம், நம் அதிபரின் தந்தை. 1968 முதல் அறுந்துபோகாத கணக்கு, அதுவும் வயதுவாரியாகச் சரிசெய்த விகிதத்தோடு, ஆண்டறிக்கையாக இணையத்திலேயே கிடைக்கிறது. நாத்தனாருக்கு அதன் இணைப்பை அனுப்புங்கள். படிக்கமாட்டார், ஆனாலும் அனுப்புங்கள்.

அந்தப் பதிவகக் கணக்கில் தங்கும் விடுதியில் இருக்கும் எங்களைப் போன்ற ஊழியர்களும் உண்டா?
(வாசகர், துவாஸ்)

நல்ல கேள்வி. வெளியாகும் விகிதங்கள் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. நீங்கள் அதில் இல்லை.

வயது 34. நாலைந்து மாதமாக மலத்தில் இரத்தம். காரம் அதிகம் சாப்பிடுவேன், மூலம்தான் என்று நினைக்கிறேன். குடல் பரிசோதனை ஐம்பது வயதுக்குத்தானே?
(வாசகர், உட்லண்ட்ஸ்)

மூன்று வாரம் என்று தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், நீங்கள் நாலைந்து மாதம் என்கிறீர்கள். ஐம்பது வயது என்பது எந்த அறிகுறியும் இல்லாதவருக்கான வயது. உங்களுக்கு அறிகுறி இருக்கிறது, ஆகவே அந்த வரம்பு உங்களுக்கு இல்லை. வீட்டில் செய்யும் மலப் பரிசோதனைக் குப்பியையும் தேடாதீர்கள், அதுவும் அறிகுறி இல்லாதவருக்குத்தான். பலதுறை மருந்தகத்துக்குப் போய், "இத்தனை மாதமாக இரத்தம்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். முதுகுவலிக்கு மாத்திரை வாங்கிவிட்டு, கதவருகே நின்று சொல்லாதீர்கள்.

உங்கள் வயதில் மூலமாகவே இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் என்னிடம் வந்த ஓர் இளைஞர் பையிலிருந்து மூலக் களிம்பு டியூப்களை எடுத்து மேசையில் அடுக்கினார். எல்லாம் வால்வரை பிதுக்கி முடித்தவை. மூலமும் இருந்தது, அதற்கு ஒரு சாண் மேலே கட்டியும் இருந்தது. மூலம் இருப்பதால் மற்றது இல்லை என்று ஆகாது. அப்பா, அம்மா, உடன்பிறந்தவருக்குக் குடல் புற்றுநோய் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் நாற்பதில், அல்லது உறவினருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்தாண்டு முன்பாக, எது முந்தியதோ அப்போதே பரிசோதனை தொடங்க வேண்டும்.

தேசிய சேவையில் இருக்கிறேன், வயது 20. விரையில் ஒரு பக்கம் கடினமாகக் கட்டி, வலி இல்லை. பயிற்சியில் அடிபட்டதாக இருக்குமா? யாரிடமும் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.
(பெயர் வேண்டாம் என்றவர்)

தம்பி, இதற்கு மூன்று வாரக் கணக்குக் கிடையாது. இந்த வாரமே முகாம் மருத்துவரிடம் காட்டுங்கள், அவர் இதையெல்லாம் தினமும் பார்ப்பவர். ஸ்கேன் பத்து நிமிட வேலை, ஊசி கிடையாது. அடிபட்டதாக நினைப்பதும், அதனால் தள்ளிப்போடுவதும் எல்லோரும் செய்வதுதான். புற்றுநோயாகவே இருந்தாலும் நூற்றில் 95 பேர் குணமாகும் வகை இது. பரவிய பிறகும் பெரும்பாலோரைக் காப்பாற்றுகிறோம், 1970களில் வந்த சிஸ்பிளாட்டின் மருந்துக்கு நன்றி. விரைப்பை வழியாக ஊசி குத்திச் சோதனைக்குச் சதை (பயாப்சி) எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் மட்டும் மறுத்துவிடுங்கள், அறுவை தொடையிடுக்கு வழியாகத்தான் செய்ய வேண்டும். கீமோ தேவைப்பட்டால் அதற்கு முன் விந்தணு சேமிப்பு பற்றிக் கேளுங்கள்.

டுரியான் பெலண்டா (முள்சீத்தா) இலைக் கஷாயம் கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு சக்தியாமே?
(வாசகர், சிராங்கூன்)

சோதனைக் குடுவையில் இருக்கும் செல்லுக்கு. மனிதருக்கு இல்லை. பழத்தைச் சாப்பிடுங்கள், ருசியாக இருக்கும். கீமோ நடக்கும்போது எந்தக் கஷாயம் குடித்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், கல்லீரல் உங்களுடையது.

மகனுக்கு 17, லிம்போபிளாஸ்டிக் லுக்கீமியா (ஒரு வகை இரத்தப் புற்றுநோய்). குழந்தை மருத்துவர் பார்க்க வேண்டுமா, பெரியவர்களுக்கான மருத்துவரா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
(வாசகர், தோ பாயோ)

எந்த வார்டு என்பதைவிட எந்தச் சிகிச்சை முறை என்று கேளுங்கள். 2003ல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் 15 முதல் 20 வயதுவரை உள்ளவர்களைப் பார்த்தார்கள். ஒரே நோய், ஏறக்குறைய ஒரே வயது. குழந்தைகள் முறைப்படி சிகிச்சை பெற்றவர்களில் ஐந்தாண்டு நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 67 சதவீதம், பெரியவர்கள் முறையில் 41. குழந்தைகள் முறையில் ஆஸ்பராஜினேஸ், ஸ்டீராய்டு, வின்கிறிஸ்டின் ஆகிய மருந்துகள் அதிகம், தவணைகளும் தள்ளிப்போகாது. இப்போது பெரியவர்களுக்கான மருத்துவர்களும் இளையர்களுக்கு அதையொட்டிய முறையைத்தான் பின்பற்றுகிறார்கள். "என் மகனுக்குக் குழந்தைகள் நெறிமுறையா?" என்று நேராகவே கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

அதன் பிறகு ஈராண்டுக்கு மேல் வீட்டில் மாத்திரை. பதின்ம வயதில் நோய் நழுவுவது இங்கேதான். நூறு வேளையில் ஐந்துக்கு மேல் தவறவிட்ட பிள்ளைகளுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். "பெரிய பையன், அவனே போட்டுக்கொள்வான்" என்று விட்டுவிடாதீர்கள். அம்மா எடுத்துக் கொடுக்கட்டும், அவன் முகத்தைச் சுளித்தாலும் பரவாயில்லை.

மகளுக்கு 27, அடுத்த வாரம் கீமோ. பிற்பாடு குழந்தை பிறக்குமா? வரன் பார்ப்பவர்களிடம் இதைச் சொல்ல வேண்டுமா?
(தாயார், பொங்கோல்)

முதல் கேள்வியை இன்றைக்கே மருத்துவமனையில் கேளுங்கள், கீமோ தொடங்கிய பிறகு வேண்டாம். பிற்பாட்டுக்காகக் கருமுட்டை எடுத்துச் சேமிக்க இரண்டு வாரம் போல ஆகும். அந்த அளவு தாமதம் தாங்குமா என்பதை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கருமுட்டை சேமிக்க 21 முதல் 37 வயது என்று 2023 ஜூலையில் வந்த விதியைச் சொல்லி யாராவது குழப்பினால், அது மருத்துவக் காரணம் இல்லாமல் சேமிப்பவர்களுக்கானது.

இரண்டாவது: சொல்ல வேண்டும். மகளே சொல்வார், நீங்கள் தரகரிடம் முந்திக்கொள்ள வேண்டாம்.

பத்தொன்பது வயதில் ஹாட்ஜ்கினுக்கு மார்பில் கதிர்வீச்சு. இப்போது 31, நலம். வேறு பரிசோதனை வேண்டுமா?
(வாசகி, கிளமெண்டி)

கட்டாயம். மார்பகப் பரிசோதனை உங்களுக்கு நாற்பதில் தொடங்கக்கூடாது. கதிர்வீச்சுக்கு எட்டு ஆண்டு கழித்து, அல்லது 25 வயதில், எது பிந்தியதோ அப்போதிருந்து ஆண்டுதோறும், எம்ஆர்ஐயோடு சேர்த்து. அந்தக் கணக்கில் நான்கு ஆண்டு போய்விட்டது. சிவப்பு நிறக் கீமோ மருந்தும் ஏற்றியிருந்தால் இதயத்துக்கு எக்கோ எடுக்க வேண்டும். பழைய சிகிச்சைச் சுருக்கத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

புற்றுநோய் வந்து குணமானவருக்குக் காப்புறுதி கிடைக்குமா?
(வாசகர், பாசிர் ரிஸ்)

குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மெடிஷீல்டு லைஃப் என்ற அரசுக் காப்புறுதி உண்டு, முன்பே இருந்த நோய்க்கும் சேர்த்து. அதில் சேரும்போதே கடுமையான நோய் இருந்தவர்களுக்கு முதல் பத்தாண்டு சந்தா கொஞ்சம் கூடுதல். தனியார் திட்டங்கள் மறுக்கலாம், விலக்கு வைக்கலாம்.

மகளுக்கு உயர்நிலை 1ல், கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி ஊசி போட்டாயிற்று. இனி அந்த நோய்க்கான பாப் பரிசோதனை தேவையில்லைதானே?
(வாசகி, அங் மோ கியோ)

தேவை. 25 வயதிலிருந்து மூன்றாண்டுக்கு ஒருமுறை, முப்பதிலிருந்து எச்பிவி பரிசோதனை ஐந்தாண்டுக்கு ஒருமுறை.

அக்காவுக்கு லுக்கீமியா. நான் எலும்பு மஜ்ஜை கொடுத்தால் முதுகுத்தண்டு பாதிக்கும் என்று பாட்டி தடுக்கிறார். வீட்டில் நான், 16 வயதுத் தம்பி.
(வாசகி, புக்கிட் பாத்தோக்)

பாட்டியிடம் சொல்லுங்கள், முதுகுத்தண்டைத் தொடுவதே இல்லை. பெரும்பாலும் கை நரம்பிலிருந்து இரத்தம் எடுத்து, வேண்டிய செல்களைப் பிரித்துக்கொண்டு மிச்சத்தைத் திரும்ப ஏற்றிவிடுவார்கள். மஜ்ஜையாகவே எடுத்தாலும் இடுப்பெலும்பிலிருந்து, மயக்க மருந்து கொடுத்துத்தான். உடன்பிறந்தவர் ஒவ்வொருவரும் முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. இருவரும் பொருந்தாவிட்டால் கொடையாளர் பதிவேட்டில் தேடுவார்கள். பொருத்தம் பெரும்பாலும் ஒரே இனத்தவரிடம்தான் அமையும், நம்மவர்கள் அதில் குறைவு. சேர்வதற்குக் கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் ஒரு தடவல் போதும், வயது 17 முதல் 49. அக்காவுக்காகத் தம்பியை இப்போதே பரிசோதிக்கலாம். பதிவேட்டில் அவர் அடுத்த ஆண்டு சேரட்டும்.